பாண்டியிலேர்ந்து கடலூர் ஒரு நாள் வேன் டூர்: தலைக்கு 1450 ரூபா குடுக்கலாமா?

மொதல்லயே சொல்லிடறேன், டூர் நடத்தறவங்க பேரு இதுல வராது. சண்டை போடற மூட்ல எழுதல, நாளைக்கு நீங்க இதே மாதிரி எதுலயாவது புக் பண்ணா என்னென்ன கேட்டுட்டு காசு கட்டணும்னு தெரியட்டும்னு எழுதறேன், அவ்ளோதான்.

மே மாசம் பொள்ளாச்சியிலேர்ந்து சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தாங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்களை கூட்டிட்டு போற எடமெல்லாம் ரெண்டே நாள்ல தீந்துபோச்சு, ராக் பீச், மணக்குள விநாயகர், ஆசிரமம், சண்டே மார்க்கெட்டு. மூணாவது நாள் காலையில சித்தப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு "அப்புறம் கண்ணு?"ங்கறார். அவர் ரிடையர்டு சர்வேயர், முப்பது வருஷத்துக்கு மேல ஊர் ஊரா சங்கிலி இழுத்தவர், ஒரு எடத்துல உக்காந்தா கால் நமநமன்னு இருக்கும் அவருக்கு. அப்பதான் எங்க தெரு முனை டீக்கடையில ஒட்டியிருந்த நோட்டீஸ் ஞாபகம் வந்துச்சு. "கடலூர் மாவட்டம் ஒரே நாளில், கோட்டை, கடல், ஞானசபை, சுரங்க தரிசனம், அலையாத்திக் காடு", காலை டிபன், மதிய சாப்பாடு, போட் டிக்கெட் எல்லாம் சேத்து தலைக்கு 1450. வீட்டுக்காரர் சிரிக்கறார், பொறந்த ஊருக்கு காசு கட்டி டூர் போற ஒரே ஆளு நீதான்டின்னு. நான் நெய்வேலி டவுன்ஷிப்ல வளந்தவ, கல்யாணம் ஆகி லாஸ்பேட்டை வந்து பதினாலு வருஷம் ஆச்சு. ஆனா சொந்த ஊரை டூரிஸ்ட்டா பாத்ததே இல்ல, அதான் போலாம்னு தோணுச்சு.

ஆறரைக்கு வரவேண்டிய வேன் ஏழே காலுக்கு வந்துச்சு. 12 சீட்டு, கடைசி வரிசைக்கு ஏசி காத்து வந்து சேர்றதுக்குள்ள சூடாயிடும், அதனால புக் பண்ணும்போதே முன் சீட்டு கேட்டு வாங்கிக்கோங்க. டிபன் பொட்டலம், ரெண்டு இட்லி ஒரு வடை, சட்னி நல்லா இருந்துச்சு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. டிரைவர் அண்ணன் பொறுமையான ஆளு, ஒரு எடத்துல கூட தேவையில்லாம ஹாரன் அடிக்கல. கைடு தம்பி பண்ருட்டி பக்கம், இருபத்தஞ்சு வயசு இருக்கும், பேச்சு சுத்தமா நல்லா பேசறான், ஆனா மனப்பாடம் பண்ணதை தாண்டி ஒரு கேள்வி கேட்டா முழிக்கறான். அது அவன் தப்பில்ல, அவனுக்கு குடுத்த பேப்பர்ல அவ்ளோதான் இருக்கு.

அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடை. பாண்டிக்காரங்களுக்கு இந்த எடத்தை பத்தி சொல்லவே வேணாம், இந்த பக்கம் வரிசையா ஒயின் ஷாப்பு, அந்த பக்கம் போலீஸ் செக்கிங். தம்பி இங்க ஒரு வார்த்தையும் பேசல, நான்தான் பின்னாடி திரும்பி காலேஜ் பசங்க மூணு பேர்கிட்ட சொன்னேன், பாரதியார் 1908லேர்ந்து பத்து வருஷம் பாண்டியில இருந்துட்டு 1918 நவம்பர்ல பிரெஞ்சு எல்லையை தாண்டி கால் வெச்சதும் புடிச்சு கடலூர் ஜெயில்ல போட்டாங்கன்னு. "இதே எல்லையா அக்கா"ன்னு ஒருத்தன் ஜன்னல் வழியா எட்டி பாத்தான், அங்க பனியன் போட்ட ஒருத்தர் பைக் சீட்டை தூக்கி போலீஸ்கிட்ட காட்டிட்டு இருந்தார்.

மொத ஸ்டாப் தேவனாம்பட்டினம். இந்த டூர்லயே எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான், இத்தனைக்கும் பாக்க அங்க ஒண்ணுமே இல்ல. செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேரு பெருசா இருக்கும், போய் நின்னா கெடிலம் ஆத்து ஓரமா கொஞ்சம் இடிஞ்ச செவுரு, செங்கல்லு, முள்ளுச்செடி, ஆடு ரெண்டு. கூட வந்த பெங்களூர் குடும்பம் செல்ஃபி கூட எடுக்காம வேனுக்கு திரும்பிட்டாங்க. ஆனா இந்த எடத்தோட கதை இருக்கே. 1690ல செஞ்சிய கையில வெச்சிருந்த மராத்தியர்கிட்டேர்ந்து இங்கிலீஷ்காரன் கம்பெனி இந்த கோட்டையை வெலைக்கு வாங்குது. கோட்டை மட்டும் இல்ல, கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் இருக்கற நிலமும் சேத்துன்னு ஒப்பந்தம். அப்ப மெட்ராஸ்ல பெரிய தலையா இருந்தவர் எலிஹு யேல், அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டின்னு இருக்கே, அந்த பேரு இவரோடதுதான். நாலா பக்கமும் சுட்டாங்க, குண்டு விழுந்த தூரத்துக்குள்ள இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு போச்சு. அந்த ஊருங்களுக்கு குண்டு கிராமம்னே பேரு வந்துடுச்சு, குண்டு உப்பலவாடின்னு இன்னிக்கும் பஸ் போர்டுல இருக்கு, கடலூர்க்காரங்களுக்கு தெரியும்.

தம்பி இதை ரெண்டு வரியில சொல்லிட்டு நகரப்பாத்தான். சித்தப்பா விடல. கண்ணாடியை கழட்டி தொடச்சு திரும்ப மாட்டிட்டு "இருங்க தம்பி, குண்டு போட்டு அளந்தாங்களா?"ங்கறார். ஆமா சார். "எத்தனை குண்டு? எந்த கோணத்துல தூக்கி வெச்சு சுட்டாங்க? காத்து எந்த பக்கம் அடிச்சுது?" தம்பி என்னை பாக்கறான். "எங்களுக்கெல்லாம் சங்கிலி 66 அடிங்க, நூறு லிங்க்ஸ், ஒரு லிங்க்ஸ் தப்பா போச்சுன்னா ரெண்டு குடும்பம் வெட்டிக்கும், தாசில்தார் மெமோ குடுப்பாரு. இவன் என்னடான்னா வெடிய போட்டுட்டு விழுந்த எடம் வரைக்கும் எனக்குன்னிருக்கான், கல்லு எங்கங்க நட்டான்?" வேன்ல ஏறின பிறகும் அவருக்கு ஆறல. குண்டு விழுந்து உருண்டு போயிருந்தா உருண்ட தூரமும் கணக்கா, ஆத்துக்குள்ள விழுந்திருந்தா என்ன பண்ணாங்க, அந்த ஊர்ல அன்னிக்கு வயல்ல வேலை செஞ்சிட்டு இருந்தவனுக்கு முன்னாடியே சொன்னாங்களா. கடைசி கேள்விக்கு யாரும் ஒண்ணும் பேசல.

1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸை புடிச்சப்போ கம்பெனிக்கு இந்த கரையில தலைமையிடமே இந்த கோட்டைதான். ராபர்ட் கிளைவ் 1756ல இங்க அதிகாரியா இருந்தார். ரெண்டே வருஷம், 1758ல பாண்டியிலேர்ந்து பிரெஞ்சு தளபதி லாலி படையோட வந்து புடிச்சு தரைமட்டமாக்கிட்டார், அதான் இப்ப நமக்கு ஆடு மேயற செவுரு மட்டும் மிச்சம். இதையெல்லாம் எழுதி அங்க ஒரு பெரிய போர்டு, படம் போட்டு, நெழல்ல நிக்க ஒரு கொட்டகை வெச்சா எவ்ளோ பேர் வருவாங்க. அரசாங்கம் வைக்கலைன்னா டூர்க்காரராவது ஒரு பழைய மேப்பை பிரிண்ட் போட்டு கையில குடுக்கலாம்ல, பத்து ரூபா ஆகுமா?

கோட்டைக்கு பதினஞ்சு நிமிஷம் குடுத்தவங்க பக்கத்துல சில்வர் பீச்சுக்கு ஒண்ணே கால் மணி நேரம் குடுத்தாங்க. பாண்டியிலேர்ந்து காசு குடுத்து கூட்டிட்டு வந்து திரும்ப பீச்சா? பீச் நல்லா அகலமா, மணல் நல்லாத்தான் இருக்கு, வேணாங்கல, ஆனா மே மாசம் ஒம்போதரை மணி வெயில்ல மணல்ல கால் வைக்க முடியல. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த குப்பத்துல எவ்ளோ உயிரை கொண்டுபோச்சுன்னு பக்கத்துல சுண்டல் வித்த அம்மா சித்திகிட்ட சொல்லிட்டு இருந்தாங்க, சித்தி சுண்டலை கையில வெச்சுக்கிட்டு சாப்பிடாமலே கேட்டுட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல பாதியை எடுத்து கடலூர் ஓல்டு டவுனுக்கு குடுத்திருக்கலாம், பழைய துறைமுகம், உப்பனாறு, படகு கட்டற எடம்னு பாக்க எவ்ளோ இருக்கு, அந்த பக்கம் வேன் திரும்பவே இல்ல.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில்ல இருவது நிமிஷம். அப்பரை கல்லுல கட்டி கடல்ல போட்டப்போ கல்லே தெப்பமா மிதந்து அவர் கரையேறின ஊரு இது, பக்கத்துல கரையேறவிட்டகுப்பம்னு ஊரு பேரே இருக்கு. கோயில் உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, யாருக்கும் வெளிய வர மனசில்ல.

அப்புறம் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி வழியா வடலூர். வழி நெடுக முந்திரித் தோப்பு, பலா. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறி இந்த மரத்தையெல்லாம் வேரோட சாச்சுட்டு போச்சு, அப்ப தாத்தா காலத்து பலா மரமெல்லாம் ரோட்டுல கெடந்ததை பாத்தவங்க மறக்க மாட்டாங்க. இப்ப திரும்ப வந்திருக்கு. தம்பி இங்கதான் பேப்பரை விட்டுட்டு தன் சொந்த கதையை சொன்னான், அவங்க வீட்டு தோப்புல ஒரே ராத்திரியில எல்லாம் போச்சு, முந்திரி திரும்ப காய்க்க வருஷக்கணக்கா ஆச்சு, அதுக்குள்ள அவங்க அப்பா திருப்பூருக்கு வேலைக்கு போயிட்டார், அதனாலதான் நான் கைடா நிக்கறேன்னான். இவன் இப்படியே பேசினா நாள் பூரா கேக்கலாம்.

வடலூர்ல வேன் நிக்கும்போதே மணி பன்னெண்டரை தாண்டிடுச்சு. மதிய சாப்பாடு நெய்வேலியில ஒரு ஹோட்டல்ல, அங்க போய் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னாங்க, பெங்களூர் குடும்பத்து குழந்தை அழ ஆரம்பிச்சிடுச்சு. அப்ப டிரைவர் அண்ணன்தான் சொன்னார், தருமச்சாலையில சாப்பிட்டுடலாமேன்னு. 1867 மே மாசம் வள்ளலார் பத்த வெச்ச அடுப்பு, இன்னி வரைக்கும் அணையல. சின்ன வயசுல அப்பாவோட எத்தனையோ தடவை போயிருக்கேன், ஆனா பசியோட போனது இதான் மொத தடவைன்னு நெனைக்கறேன். தரையில வரிசையா உக்காந்தோம், சாதம், சாம்பார், பொரியல், மோர். நமக்கு ரெண்டு பக்கமும் யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியாது, யாரும் கேக்கறதில்ல. சித்தப்பா ரெண்டாவது தடவை சாதம் வாங்கினார், வீட்டுல அவர் அப்படி வாங்கி நான் பாத்ததில்ல.

சத்திய ஞான சபை 1872ல வந்தது. மாமிசம் விட்டவங்கதான் உள்ள போகணும்னு அங்க எழுதியே போட்டிருப்பாங்க. முந்தின நாள் ராத்திரி எங்க வீட்டுல வஞ்சிர மீன் வறுவல். சித்தப்பா போர்டை படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்து வெளிய பெருவெளியில நின்னுட்டார், யாரும் செக் பண்ணப்போறதில்லைன்னு அவருக்கும் தெரியும். அங்க நின்னுட்டு எட்டிப்பிடிக்க முடியாத மாதிரி விரிஞ்சு கெடக்கற அந்த வெட்டவெளியை கண்ணாலயே அளந்துட்டு இருந்தார். இந்த நிலம் யாரு குடுத்ததுன்னார். பார்வதிபுரம்னு இங்க இருந்த ஊர்க்காரங்க, வள்ளலார் கேட்டார்னு எழுதி குடுத்தாங்கன்னேன். "காசு வாங்காமயா?" ஆமா சித்தப்பா. கொஞ்ச நேரம் கழிச்சு "காலையில பாத்தது ஒரு தினுசு, இது ஒரு தினுசு"ன்னார். அந்த பெருவெளியில சர்வதேச மையம் கட்டறோம்னு 2024ல அரசாங்கம் ஆரம்பிச்சப்போ பார்வதிபுரம் சனங்க எதுத்து நின்னது ஏன்னு அவருக்கு நான் வெளக்கவேண்டிய அவசியமே இல்லாம போச்சு.

இங்க ஒரு கணக்கு பாக்கி இருக்கு. மதிய சாப்பாடு டூர் காசுல சேந்தது, நாங்க சாப்பிட்டது தருமச்சாலையில சும்மா. மிச்சமான காசு என்னாச்சுன்னு சாயந்திரம் ஆபீஸ்க்கு போன் போட்டு கேட்டா "லேட்டானது உங்களாலதான மேடம்"ங்கறாங்க. 12 பேர் சாப்பாட்டு காசு. அதை தருமச்சாலை உண்டியல்ல போட்டிருந்தாக்கூட நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்தது என் ஊரு, நெய்வேலி, நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டிருந்த "சுரங்க தரிசனம்". பெர்மிஷன் இல்லாம சுரங்கத்துக்குள்ள விடமாட்டாங்க, அது டவுன்ஷிப்ல வளந்த எல்லாருக்கும் தெரியும், அதனால இவங்க முன்கூட்டியே எழுதி வாங்கியிருப்பாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். வாங்கல. ரோட்டோரமா வேனை நிறுத்தி தூரத்துல இருக்கற மண்மேட்டை காட்டி "அதுக்கு பின்னாடிதான் சுரங்கம்"னான் தம்பி. கல்யாண மண்டபத்துக்கு வெளிய நிறுத்தி உள்ள மாப்பிள்ளை இருக்கார்னு சொல்ற மாதிரி. இது சுத்த ஏமாத்து, இதுக்காகவே ரெண்டு ஸ்டார் கொறைக்கறேன்.

அதனால நானே கைடு ஆயிட்டேன். எங்கப்பா சுரங்கத்துல கன்வேயர் செக்ஷன். நான் எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல கூட்டிட்டு போனாங்க. மேலேர்ந்து எட்டிப் பாத்தா படி படியா எறங்கற பள்ளம், ஒவ்வொரு படியும் ஒரு தெரு அகலம், கீழ ஒரு மெஷின் நிக்குது, நின்ன எடத்துல அசையாம இருக்கறாப்ல தெரியுது. கொஞ்ச நேரம் உத்து பாத்தாதான் அந்த சக்கரம் சுத்தறது தெரியும், சக்கரத்து விளிம்புல வரிசையா வாளி, பெரிய மெஷின்ல ஒரு வாளி 1400 லிட்டர் புடிக்கும், ஜெர்மன் மெஷின். மண்ணை வழிச்சு வழிச்சு கன்வேயர்ல போட்டுட்டே இருக்கும். ஒரு டன் நிலக்கரிய தொடறதுக்கு அஞ்சு கன மீட்டருக்கு மேல மண்ணை அள்ளணும், அந்த அள்ளின மண்ணுதான் இப்ப நீங்க பாக்கற மேடுன்னு சொன்னேன். அப்பவே காலேஜ் பசங்க போனை உள்ள வெச்சுட்டு கேக்க ஆரம்பிச்சாங்க.

இதெல்லாம் ஒரு கெணத்துல ஆரம்பிச்சது. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார்ங்கறவர் தன் நிலத்துல தண்ணிக்காக போர் போட்டப்போ தண்ணியோட கறுப்பா ஏதோ வந்துச்சு, அதை அவர் அசால்ட்டா விடாம அதிகாரிங்களுக்கு சொல்லி அனுப்பினார். 1956ல என்எல்சி, அதான் நெய்வேலி நிலக்கரி கம்பெனி வந்துச்சு, 1957ல நேரு வந்து சுரங்க வேலையை தொடங்கி வெச்சார், ஆனா கரி கண்ணுல பட 1961 ஆகஸ்ட் ஆச்சு. ஏன் அவ்ளோ நாள்னா கரிக்கு மேல மண்ணு மட்டும் பிரச்சனை இல்ல, கரிக்கு அடியில தண்ணி. சும்மா ஊத்து இல்ல, கீழேர்ந்து மேல முட்டற அழுத்தத்தோட இருக்கற தண்ணி, பம்ப் போட்டு எறைக்காம விட்டா கரியோட சேத்து சுரங்கத்து தரையையே தூக்கிடும். அதனால ராவும் பகலும் எறைச்சிட்டே இருப்பாங்க, அது ஓடைக்கும் ஏரிக்கும் வயலுக்கும் போகும். மொத அனல் மின் நிலையம் ரஷ்யாக்காரன் உதவியில 1962ல கரண்ட் குடுக்க ஆரம்பிச்சுது, 2020ல மூடிட்டாங்க. அதோட சிம்னி புகையை பாத்து காத்து எந்த பக்கம்னு எங்கம்மா துணி காயப்போடுவாங்க.

பழுப்பு நிலக்கரின்னா நீங்க நெனைக்கற மாதிரி பளபளன்னு கறுப்பா இருக்காது. அப்பா ஒரு தடவை கை அளவு துண்டு கொண்டுவந்தார். காப்பிப்பொடி நெறம், கையில எடுத்தா கல்லு கனமே இல்ல, ஈரமா இருந்துச்சு, கிட்ட வெச்சு பாத்தா மரத்து ரேகை அப்படியே தெரியும், வெறகு மாதிரி, ஏன்னா அது மரம்தான். ஷோகேஸ்ல டீச்சர்ஸ் டே கப்புக்கு பக்கத்துல வெச்சேன். ஒரு வாரத்துல காஞ்சு வெடிச்சு, ஒரு மாசத்துல தட்டு தட்டா உதுந்து, கடைசியில எங்கம்மா பெருக்கி எடுத்துட்டாங்க. குவிச்சு வெச்சா தானாவே பத்திக்கும், அதனால யார்டுல எப்பவும் தண்ணி அடிப்பாங்க.

சித்தப்பா இதுக்கும் நிலத்தைதான் கேட்டார். எத்தனை ஊரு எடுத்தாங்க, ஏக்கருக்கு என்ன குடுத்தாங்க, வேலை குடுத்தாங்களா. நான் தெரிஞ்சதை சொன்னேன். எங்க குடும்பம் அந்த சம்பளத்துலதான் படிச்சு வந்துச்சு, அதையும் சொன்னேன், 2023 ஜூலையில வளையமாதேவியில பயிர் நிக்கற வயல்ல வாய்க்கால் வெட்ட என்எல்சி மெஷின் எறங்கினதை எல்லா டிவியிலயும் பாத்து எங்கப்பா சோத்துத் தட்டை தள்ளி வெச்சதையும் சொன்னேன். ரெண்டும் நெசந்தான். டவுன்ஷிப்புக்குள்ள ஒரு ரவுண்டு போனோம், அது நெழல், வேப்பமரம், அகலமான ரோடு, சைக்கிள்ல போற பெரியவங்க. எங்க பழைய குவார்ட்டர்ஸ்ல வேற யாரோ சட்டை காயுது. முன்னாடி நின்ன மாமரத்தை மட்டும் காணோம்.

சேத்தியாத்தோப்பு தாண்டினதும் ரெண்டு பக்கமும் அறுத்த வயலு. ஒரு எடத்துல ஆட்டுக்கிடை போட்டிருந்தாங்க, டிரைவர் அண்ணன் யாரும் கேக்காமயே நிறுத்தினார், பிளான்ல இல்லாத ஸ்டாப்பு. சுத்தி வலை கட்டி நடுவுல நூத்துக்கணக்குல ஆடு, ஆடு மேய்க்கற கீதாரி ராமநாதபுரம் பக்கம், குடும்பத்தோட வந்து வயலு வயலா கிடை போட்டு போறாங்க. வயல்காரர் ராத்திரிக்கு இவ்ளோன்னு காசு குடுப்பார், ஆட்டுப்புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், நேத்து ஒரு மூலை, இன்னிக்கு ஒரு மூலைன்னு வலையை நகத்தி நகத்தி வயலு பூரா போட்டுடுவாங்க. சித்தப்பாவுக்கு இங்கதான் மொகம் மலந்துச்சு. "இவன்தாங்க கரெக்டா அளக்கறான்"னார். நெசமாவே அந்த கீதாரி கால் அடியில அளந்து மூலையில முளை அடிச்சிட்டு இருந்தார். பொறந்து ரெண்டு நாள் ஆன குட்டிங்களை கூடை மாதிரி மூங்கில் பட்டிக்கு அடியில கவுத்து வெச்சிருந்தாங்க, பெங்களூர் குழந்தை அதை விட்டு வரவே மாட்டேன்னுடுச்சு. டூர்க்காரங்க ஒழுங்கா யோசிச்சா சில்வர் பீச்சை எடுத்துட்டு இதை போடலாம்.

அதே வழியில புவனகிரி பக்கம் வயலுக்கு நடுவுல கம்பி வேலி போட்டு உள்ள குழாயும் வால்வுமா எண்ணெய் கெணறும் உண்டு, காவிரிப் படுகை இங்க வரைக்கும் வருது. ராகவேந்திரர் பொறந்த ஊருன்னு தம்பி சொன்னான், எண்ணெய்யை பத்தி வாய் தொறக்கல. 2020ல டெல்டாவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டப்போ கடலூர் மாவட்டத்துலேர்ந்து புவனகிரி, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டைன்னு அஞ்சு ஒன்றியத்தை சேத்தாங்க, புதுசா எண்ணெய், கேஸ் தேடக்கூடாதுன்னு. மேல ஆட்டுக்கிடை, கீழ எண்ணெய்.

பிச்சாவரம் போய் சேரும்போது அஞ்சு ஆகப்போகுது, கடைசி படகுக்கு ஓடினோம். மோட்டார் போட்னு சொல்லியிருந்தாங்க, கெடச்சது துடுப்பு போட், சத்தியமா சொல்றேன் அதுதான் நல்லது. மோட்டார் வாய்க்கால் ஓரத்தோட போயிட்டு வந்துடும், துடுப்புன்னா சுரபுன்னை வேருங்க வளைஞ்சு தண்ணிக்குள்ள எறங்கற குறுகலான சந்துக்குள்ள போகலாம், தலையை குனிஞ்சுட்டே போனோம், நெத்தியில எலை ஒரசுது. துடுப்பு போட்டவர் ஒரு மரத்தை காட்டி இதை மட்டும் கை வெக்காதீங்க, பால் கண்ணுல பட்டா எரிஞ்சு போயிடும்னார். தில்லை மரம். சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேரு வந்ததே இந்த மரத்தாலதான், கோயில்ல போய் தேடினா கெடைக்காது, இங்கதான் காடா நிக்குது. சுனாமி அன்னிக்கு இந்த காட்டுக்கு பின்னாடி இருந்த குப்பமெல்லாம் தப்பிச்சுதுன்னும் அவரே சொன்னார், சொல்லும்போது துடுப்பை நிறுத்திட்டு சொன்னார். முக்கால் மணி நேரம் எப்படி போச்சுன்னே தெரியல. வெயில் சாயற நேரம், நாரை கூட்டம் வந்து எறங்குது. இதுக்கு முழு மார்க்கு.

திரும்பற வழியில பரங்கிப்பேட்டையை அப்படியே தாண்டிட்டாங்க, ஹைதர் அலியும் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டும் 1781ல மோதின எடம், ஒரு வார்த்தை இல்ல. ஆலப்பாக்கம் தாண்டி பெரியகுப்பம் பக்கம் வரும்போது இருட்டுல பெரிய பெரிய டேங்க், இரும்பு கோபுரம் நெழலா தெரிஞ்சுது, பசங்க கேட்டதுக்கு தம்பி "ஏதோ ஃபேக்டரி அக்கா"ன்னான். ஏதோ ஃபேக்டரி இல்ல, வருஷத்துக்கு 60 லட்சம் டன் எண்ணெய் சுத்திகரிக்கறதா கட்ட ஆரம்பிச்ச ஆலை, தானே புயல்ல அடி வாங்கி வேலை நின்னு, கம்பெனி கடன்ல மூழ்கி, துரு புடிச்சு நிக்குது, அதுக்குள்ள பூந்து இரும்பு திருடி மாட்டறாங்கன்னு அடிக்கடி பேப்பர்ல வரும். ஒரு சொட்டு பெட்ரோல் வரல. சித்தப்பா தூங்கிட்டார்னு நெனச்சேன், கண்ணை மூடிட்டே "இதுக்கு எத்தனை ஏக்கர் எடுத்தாங்க?"ங்கறார். அப்புறம் சிப்காட் வாசனை வந்துச்சு, எல்லாரும் ஜன்னலை சாத்தினாங்க.

யாருக்கு சரிப்படும்னு கேட்டா, காலேஜ் பசங்களுக்கும் நடக்கத் தெம்பு உள்ளவங்களுக்கும் ஓகே, கைக்குழந்தையோட வேணாம், பதினாலு மணி நேரம் ஆயிடும். புக் பண்றதுக்கு முன்னாடி சுரங்கத்துக்கு பெர்மிஷன் லெட்டர் இருக்கான்னு வாட்ஸப்ல போட்டோ அனுப்பச் சொல்லுங்க, இல்லைன்னா அந்த நோட்டீஸ்லேர்ந்து அதை அடிக்கச் சொல்லுங்க. மே மாசம் போனா பலாப்பழம் கெடைக்கும், வெயில் கொல்லும், ஜனவரியில போனா வடலூர் தைப்பூச கூட்டத்துல மாட்டிக்காம தேதி பாத்துக்கோங்க. டிரைவருக்கு 5, போட்காரருக்கு 5, தம்பிக்கு 3, சொந்த கதை சொன்னதுக்கு இன்னும் ஒண்ணு சேத்து 4, ஆபீஸ்ல போன் எடுத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. மொத்தத்துல 5க்கு 3.

முள்ளோடை வரும்போது ஒம்போதரை. போலீஸ்காரர் டார்ச் அடிச்சு உள்ள பாத்தார், வேன் பூரா பலாப்பழ வாசனை, வடலூர்ல ஆளுக்கொண்ணு வாங்கி சீட்டுக்கு அடியில உருட்டி விட்டிருந்தாங்க. சித்தப்பா முழிச்சுட்டு போர்டை பாத்தார், "புதுச்சேரி தங்களை வரவேற்கிறது". இந்த எல்லை எது வரைக்கும் போகுதுன்னு கேட்டார். அது நேரா போகாது சித்தப்பா, நடுவுல தமிழ்நாடு வரும், திரும்ப பாண்டி வரும், திட்டு திட்டா இருக்கும், பாகூர் ஒரு பக்கம், மண்ணாடிப்பட்டு ஒரு பக்கம்னு சொன்னேன். நம்பல. வீட்டுக்கு வந்து கை கால் கூட கழுவாம மேப் கேட்டார், பையனோட ஸ்கூல் அட்லஸ் பத்தலைன்னு லேப்டாப்ல பெருசு பண்ணி காட்டினேன். மறுநாள் ஆரோவில் போலாம்னு பிளான். காலையில எழுந்து பாத்தா மனுஷன் மூக்கு கண்ணாடியோட டைனிங் டேபிள்ல நாலு வெள்ளத்தாளை ஒட்டி வெச்சு பென்சில்ல எல்லை போட்டுட்டு இருக்கார். "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, எனக்கு ஊருக்கு போற வரைக்கும் இதுக்கே சரியா போகும்."